ஒன்றும் போடாமல் வளர்ப்பது

ஐப்பசி

தூத்துக்குடியில் அழுகண்ணி என்ற பூச்சியுண்ணும் செடியை வளர்க்க நினைப்பவர் முதலில் சேர்க்க வேண்டியது மழைத் தண்ணீர். விதை, தொட்டி, மண் எல்லாம் அதற்குப் பிறகுதான். வடகிழக்குப் பருவமழை இறங்கும் இந்த ஓரிரு மாதங்களில் பிடித்து வைப்பதுதான் மீதி ஆண்டுக்கும் ஓட வேண்டும்.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஊருக்குள் போடும் ஆழ்துளைக் கிணறுகளில் அவ்வளவு இல்லை. ஆனாலும் நாக்கு கரிப்பைக் கண்டுபிடித்துவிடும். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் நமக்கு நல்ல தண்ணீர். அழுகண்ணிக்கு அதுவும் கனம். பூச்சியுண்ணும் செடிகளை வளர்ப்பவர்கள், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் ஆகிய மூன்றும்தான் அந்தக் கணக்குக்குள் வரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் இதற்குப் போதும்.

முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. அது காற்றிலிருக்கும் தூசியையும் கடல் காற்று படியவிட்ட உப்பையும் கழுவிக்கொண்டு இறங்குகிறது. மொட்டை மாடியிலிருந்து குழாய் வழி வரும் தண்ணீரும் உதவாது. சிமென்ட் தளத்தில் ஓடும்போதே சுண்ணாம்பைச் சேர்த்துக்கொள்கிறது. வானத்துக்கு நேராக வாய் திறந்த பிளாஸ்டிக் தொட்டியில் விழுவதுதான் சுத்தம். வேட்டித் துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத டிரம்மில் ஊற்றி, கொசு போகாதபடி மூடி வைக்கிறேன்.

மழை பிடிக்கிற நேரத்தில் ஒன்று மறக்க முடிவதில்லை. எனக்குத் தண்ணீர் கிடைக்கும் இதே மாதங்களில் உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது. இந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 2021-இல்தான். உப்பில்லாத தண்ணீரை நான் ஆசையாகச் சேர்க்கிறேன். ஊரில் பல வீடுகளில் அதே தண்ணீரால் அடுப்பு தணிகிறது. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை

எது பூச்சியுண்ணும் செடி, எது இல்லை என்று பிரித்தறிவது இந்த மாதத்து வேலை. மழைக்குப் பிறகு எல்லாம் முளைக்கின்றன.

காலி மனையில் நாய்க்கடுகு மஞ்சளாகப் பூத்திருக்கும். தொட்டால் கை பிசுபிசுக்கும். தண்டின் சுரப்பி மயிர்களில் சிறு பூச்சிகள் ஒட்டிச் செத்திருப்பதையும் பார்க்கலாம். மூக்கிரட்டையின் காய் துணியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். சித்திரமூலத்தின் வெள்ளைப் பூவுக்கு அடியிலிருக்கும் புல்லிவட்டம் பசை வைத்தது போல் இருக்கும்; எறும்பு அதில் மாட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் பூச்சியுண்ணும் செடிகள் என்று சொல்லிவிட முடியாது. ஈர்க்க வேண்டும், பிடிக்க வேண்டும், செரிக்க வேண்டும், செரித்ததை உறிஞ்சி வளர வேண்டும். இந்த நான்கும் நடந்தால்தான் அந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம். ஒட்டிக்கொண்டு சாகும் பூச்சிகள் பல செடிகளில் உண்டு. அதைச் சாப்பாடாக்கிக்கொள்ளும் செடிகள் உலகில் ஏறக்குறைய 800.

நம் சமவெளியில் பார்க்கக் கிடைப்பவை இரண்டு வகை அழுகண்ணிகள். ட்ரோசிரா பர்மானி தரையோடு தரையாகப் படர்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டமாக இருக்கும். ஆப்பு வடிவ இலைகள். வெயில் நன்றாகப் படும் இடத்தில் சிவந்துவிடும். நடுவிலிருந்து மெல்லிய காம்பு எழுந்து வெள்ளைப் பூக்களைத் தாங்கும். ட்ரோசிரா இண்டிகா நிமிர்ந்து வளர்வது. இலைகள் நூல் போல் நீண்டு ஒடுங்கியவை, பூ இளஞ்சிவப்பு. இரண்டும் மணற்சாரியான, ஈரமான, புல் அடர்த்தியாக வளர முடியாத இடங்களைத் தேடிப் பிடிக்கின்றன. மூன்றாவதான ட்ரோசிரா பெல்டேட்டாவைப் பார்க்கக் கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோ ஏற வேண்டும். மலைப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் எழுந்து, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் கிழங்காக உறங்குவது அது.

அழுகண்ணியை அடையாளம் காணக் காலை நேரம் நல்லது. ஆனால் பனித்துளியோடு குழம்ப வாய்ப்புண்டு. அதற்கும் வழி இருக்கிறது: வெயில் ஏறும் வரை காத்திருந்தால் போதும். புல் நுனித் துளி காய்ந்துவிடும். இலை மயிர்களின் நுனியில் நிற்கும் இந்தத் துளி உச்சி வெயிலிலும் நிற்கும். அது தண்ணீர் இல்லை, பசை.

கண்டால் பிடுங்கக் கூடாது. பிடுங்கி வந்த செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை என்பது ஒரு காரணம். அது நின்ற இடத்தில் அடுத்த ஆண்டுக்கான விதை விழாமல் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பூ முடிந்து காய் உலர்ந்த பின், ஒரு காம்பின் விதையை மட்டும் காகிதத்தில் தட்டி எடுத்துக்கொள்ளலாம். கறுப்புத் தூசி போல இருக்கும். அந்தத் தூசியில் ஒரு தொட்டி நிறைய செடி இருக்கிறது.

மார்கழி

குளங்கள் நிறைந்திருக்கின்றன. நெல் வயலை ஒட்டிய குளங்களிலும் வாய்க்கால்களிலும் மஞ்சள் பூ ஒன்று தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். பூவைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். வேட்டை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. யூட்ரிகுலேரியா என்ற இந்தச் செடிக்கு வேர் கிடையாது. பச்சை இழைகளில் குண்டூசித் தலை அளவுக்கும் சிறியதாகப் பைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு பையும் தன்னிடமுள்ள தண்ணீரை மெல்ல வெளியேற்றி, உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். வாசலில் இருக்கும் மயிரை ஒரு நீர்ப்பூச்சி தொட்டால் கதவு உள்பக்கம் திறந்து தண்ணீரோடு பூச்சியை இழுத்துக்கொள்ளும். ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. தாவர உலகில் இதைவிட விரைவான பொறி தெரியவில்லை.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மழைநீரும் சில இழைகளும் போதும், இதை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வேண்டும். நிறைந்த பைகள் கருத்திருக்கும், காலிப் பைகள் ஒளி ஊடுருவும். வேறெந்த உணவும் தர வேண்டாம்.

2023-இல் மார்கழி பிறந்த வேளையில் பெய்த மழையை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஓர் ஆண்டில் பெய்வதைவிடக் கூடுதல் மழை ஓர் இரவுக்கும் பகலுக்கும் இடையில் இறங்கியது. குளக்கரைகள் உடைந்தன, வீடுகள் மூழ்கின, தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. குறைவுக்குப் பழகிய ஒரு நிலம் மிகுதியின் முன் எப்படித் திணறும் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம். அதன்பின் மழைத் தொட்டியை வெளியே வைக்கும்போதெல்லாம், வேண்டும் என்பதற்கும் போதும் என்பதற்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய இடத்தைப் பற்றி நினைக்கிறேன்.

தை

தொட்டி கட்டும் மாதம்.

மண்பானையும் சிமென்ட் தொட்டியும் வேண்டாம், இரண்டும் உப்புகளைக் கசியவிடும். பிளாஸ்டிக் தொட்டியே நல்லது. செம்மண், தொழு உரம், மண்புழு உரம் எதுவும் ஆகாது. ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் நாம் தேடித் தேடிச் சேர்ப்பதையெல்லாம் இங்கே தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. வேண்டியது சத்தில்லாத, ஆனால் ஈரம் தாங்கும் ஒரு கலவை. பீட்மாஸ் ஒரு பங்கு, கழுவிய சிலிக்கா மணலோ பெர்லைட்டோ ஒரு பங்கு.

பீட்மாஸ் வெளிநாட்டிலிருந்து வருவது, விலையும் அதிகம். கோகோபீட் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் தென்னை நார்க்கழிவில் இயல்பிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். மழைநீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, பிழிந்த நீரை மீட்டரில் பார்த்துப் பார்த்துக் கழுவ வேண்டும். எண் இறங்கி ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் அதைத் தொடலாம்.

கடற்கரை மணலை எடுத்துவிடலாம் என்று தோன்றும். அதில் உப்பு மட்டும் இருந்தால் கழுவிவிடலாம். சிப்பியும் சங்கும் பொடிந்த சுண்ணாம்பும் கலந்திருக்கிறது. ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். நுரைக்கும் மணல் இந்தச் செடிகளுக்கு ஆகாது, ஏனென்றால் இவை அமிலத்தன்மையுள்ள மண்ணில் வாழ்பவை.

விதையைக் கலவையின் மேலேயே தூவ வேண்டும். மூடக் கூடாது, முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு விரற்கடை மழைநீர் எப்போதும் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும், இலையின் பசையும் கரையும்.

இணையக் கடைகளில் பலர் முதலில் வாங்குவது வீனஸ் பூச்சிப்பிடிப்பானை. அதன் சொந்த இடம் அமெரிக்காவின் வட, தென் கரோலினாக் கடலோரத்தில், வில்மிங்டன் என்ற துறைமுக நகரைச் சுற்றியிருக்கும் ஈரமான மணல் நிலம். துறைமுகம், மணல், கடல்காற்று என்று இரண்டு ஊருக்கும் ஒற்றுமை தெரிந்தாலும் ஒன்று இங்கே இல்லை: குளிர்காலம். அந்தச் செடிக்கு ஆண்டில் மூன்று நான்கு மாதம் குளிரில் ஒடுங்கி உறங்க வேண்டும். தூத்துக்குடியில் தை மாத விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உறக்கம் கிடைக்காத செடி ஓரிரு ஆண்டில் மெலிந்து போகும். உறங்க இடமில்லாத ஊருக்கு அதை வரவழைக்காமல் இருப்பதும் அதன்மேல் வைக்கும் அன்புதான். இந்த வெயிலுக்கென்றே பிறந்த அழுகண்ணி நம்மிடம் இருக்கிறது.

மாசி

இலைகளில் துளி நிற்க ஆரம்பித்துவிட்டது. இனி பார்ப்பது மட்டுமே வேலை.

ஒரு சிறு ஈ வந்து உட்காருகிறது. ஒரு கால் ஒட்டுகிறது. விடுவித்துக்கொள்ள மற்றக் கால்களை ஊன்றுகிறது, அவையும் ஒட்டுகின்றன. பர்மானியில் இலை ஓரத்து நீண்ட மயிர்கள் சில விநாடிகளிலேயே வளைந்து ஈயை நடுவுக்குத் தள்ளிவிடும். இண்டிகா நிதானமானது; நீண்ட இலை மெல்லச் சுருண்டு மூடிக்கொள்ளும். பசை உடம்பின் பக்கத்திலிருக்கும் மூச்சுத் துளைகளை அடைக்கிறது. ஈ அடங்குகிறது. பிறகு செரிமான நீர் சுரக்கிறது. சில நாள் கழித்து மயிர்கள் நிமிரும்போது வெறும் கூடு மிஞ்சியிருக்கும், காற்று அதைக் கொண்டுபோய்விடும்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனம் இரண்டாகப் பிரிகிறது. துடிக்கும் உயிரின் பக்கம் ஒரு பாதி. செடியின் பக்கம் ஒரு பாதி. ஈயைக் காப்பாற்ற ஈர்க்குச்சியை எடுத்த கை பாதியில் நின்றுவிடும். எந்தப் பக்கமும் சாயாமல் முழுதாகப் பார்ப்பதே அப்போது செய்யக்கூடியது. பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவாகிறது. செடிக்கு இது சோறு இல்லை. வெயிலிலிருந்து சர்க்கரை செய்துகொள்ள அதற்கு வழக்கம்போலத் தெரியும். மண்ணில் கிடைக்காத நைட்ரஜனையும் பாஸ்பரசையும் மட்டுமே அது அந்தச் சிறு உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். அதை நேரடியாக எடுத்துக்கொள்ளும் வழி அதற்கு இல்லை.

1860 கோடையில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஓய்வுக்குப் போன சார்லஸ் டார்வின், ட்ரோசிரா இலைகளில் இத்தனை பூச்சிகளா என்று வியந்து நின்றார். அந்த வியப்பு 15 ஆண்டு வேலையாயிற்று. இறைச்சித் துணுக்கு, முட்டையின் வெண்கரு, கண்ணாடித் துகள், அம்மோனியா உப்புக் கரைசல் என்று ஒவ்வொன்றாக இலையில் வைத்துப் பார்த்தார். நைட்ரஜன் உள்ளவற்றை இலை இறுகப் பிடித்துக்கொண்டது, மற்றவற்றை விரைவில் விட்டுவிட்டது. மழைத்துளி விழுந்தால் அசையவேயில்லை. 1875-இல் அது நூலாக வந்தது. பூச்சி தின்பதால் செடிக்குப் பயன் உண்டா என்ற கேள்விக்கு 1878-இல் அவர் மகன் பிரான்சிஸ் பதில் சொன்னார்: இறைச்சி ஊட்டப்பட்ட செடிகள் ஊட்டப்படாதவற்றைவிட அதிக விதை தந்தன.

அதற்கு ஒரு நூறாண்டு முன்பு, வீனஸ் பூச்சிப்பிடிப்பானைப் பற்றிக் கேள்விப்பட்ட லின்னேயஸ், பூச்சி அடங்கியதும் இலை அதை விடுவித்துவிடும் என்று நினைத்தார். செடி உயிரைத் தின்னும் என்பதை ஏற்க அந்தக் காலத்து மனம் தயங்கியது. எனக்கு அந்தத் தயக்கம் புரிகிறது. செடியைச் சாதுவாகவே வைத்திருக்க ஆசைப்படுகிறோம். அழுகண்ணி நம் ஆசைக்காக வாழவில்லை.

பூவை மட்டும் அது இலைகளுக்கு மேலே, எட்டாத உயரத்தில் ஏந்துகிறது. மகரந்தம் கொண்டுவரும் பூச்சிக்கு ஒரு வழி, சாப்பாடாகும் பூச்சிக்கு ஒரு வழி.

பங்குனி

உப்பு வாரும் காலம். தெற்கே முத்தையாபுரம் பக்கம் போனால் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்தக் கரையில்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். இளமை முழுக்க உப்பளத்தில் உழைத்தவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தபடி என் தொட்டிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னய்யா, ஒண்ணுமே போடாம வளக்குதியே, அது என்ன பாவம் செஞ்சுது?"

"போட்டா செத்துப்போகும் ஆச்சி."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "பாத்தியிலயும் அப்படித்தான். தண்ணி அளவு தாண்டிட்டுன்னா உப்பு கசந்துபோகும். அந்தத் தண்ணியத் திறந்துவிட்டுட்டு வேற தண்ணி பாய்ச்சணும். இன்னும் கொஞ்சம் விளையட்டும்னு ஆசப்பட்டா இருக்கதும் கெட்டுரும்."

அவர் சொன்னதில் வேதியியல் முழுதும் இருக்கிறது. உப்பு நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் தண்ணீர் ஏறக்குறைய 25 டிகிரிக்கு வரும்போது சோற்றுப்பு படியத் தொடங்கும். இன்னும் வற்றி 29, 30 டிகிரியைத் தாண்டினால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பதே அந்தத் தொழிலின் நுட்பம். பள்ளிக்கூடத்தில் படிக்காமல், வெயிலில் நின்று, பாதம் வெடித்து, கண் கூசி அவர் பெற்ற அறிவு அது. என் தொட்டிகளை இந்தத் தெருவில் வேறு யாரும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

யூரியா போட்டால் என்ன ஆகும்? வேர் கருகும். மிகச் சிறிய அளவென்றால் வேறொன்று நடக்கும். ஆரன் எலிசன், நிக்கோலஸ் கோட்டெல்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அங்குள்ள சாரசீனியா என்ற குடுவைச் செடிக்கு நைட்ரஜனைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்த்து 2002-இல் எழுதினார்கள். நைட்ரஜன் ஏற ஏறச் செடி குடுவையைச் சிறிதாக்கி, தட்டையான சாதாரண இலைகளை விட்டது. கேட்காமலே கிடைக்கும் இடத்தில் அது வேட்டையைக் கைவிட்டது. உப்பும் யூரியாவும் இரண்டுமே பெருவாரியாக உற்பத்தியாகும் ஊரில், இரண்டும் தொடாத ஒரு சாண் இடத்தை நான் காவல் காக்கிறேன்.

உப்பள வரப்பில் உமரி சிவந்து படர்ந்திருக்கிறது. உப்பை உடம்பிலேயே தேக்கிக்கொண்டு, இலையைத் தடிக்கவைத்து, வேறெதுவும் முளைக்காத இடத்தில் முளைக்கிறது. தாவரவியலார் வகுத்திருக்கும் கேரியோஃபில்லேல்ஸ் என்ற துறையில் உமரியும் இருக்கிறது, அழுகண்ணியும் இருக்கிறது. சப்பாத்திக்கள்ளி, மூக்கிரட்டை, சித்திரமூலம், பருப்புக்கீரை, நாம் தினம் கடைந்து தின்னும் அரைக்கீரை எல்லாம் அதே துறை. குடுவைத் தாவரமான நெப்பந்தஸும் அதில்தான். சித்திரமூலத்தின் வேரில் இருக்கும் பிளம்பாஜின் அழுகண்ணியிலும் நெப்பந்தஸிலும் உண்டு. ஒரு பெருங்குடும்பம் வறுமைக்குப் பல பக்கம் சிதறிப் போயிருக்கிறது. மழை இல்லாத இடத்துக்குப் போனது கள்ளியாயிற்று. உப்பு நிலத்துக்குப் போனது உமரியாயிற்று. மழை கழுவிக் கழுவிச் சத்தெல்லாம் போன மணலில் தங்கியது அழுகண்ணியாயிற்று. வளமான மண்ணை மற்றச் செடிகளுக்கு விட்டுவிட்டு, அவற்றால் வர முடியாத இடத்தை இவை தங்கள் இடமாக்கிக்கொண்டன.

வைகாசி

வெயில் உச்சத்தில். நடுப்பகலில் தொட்டிகளுக்குப் பச்சை வலை நிழல் தேவைப்படுகிறது. தட்டில் தண்ணீர் காலையில் பார்த்தது மாலையில் இல்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த துளி உப்பு தொட்டியிலேயே தங்கி மாதாமாதம் கூடுகிறது. என் தட்டும் ஒரு சிறு உப்பளம்தான் என்று கொள்ள வேண்டும். அதனால் அவ்வப்போது இலை நனையாமல் ஓரமாக மழைநீரைத் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டுக் கழுவுகிறேன்.

சத்துக் குறைவில் வாழ்வது இந்தச் செடிகள் மட்டுமல்ல. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. பார்ப்பதற்குக் கிளைவிட்ட புதர் போலிருக்கும் பவளம் விலங்கு. அதன் ஒவ்வொரு வாயைச் சுற்றியும் உணர்கொம்புகள்; மிதந்து வரும் நுண்ணுயிரைப் பிடித்துத் தின்கின்றன. கரையில் செடி வேட்டையாடுகிறது, கடலுக்குள் வேட்டையாடும் விலங்கு வேரூன்றி நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பவளம் செழிப்பது சத்துக் குறைந்த தெளிந்த நீரில். கழிவும் உரமும் கலந்து நீர் வளமானால் பாசி பெருகிப் பவளத்தை மூடிவிடும். டார்வின் 1842-இல் பவளப் பாறைகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். சத்தற்ற கடலில் அத்தனை உயிர்ச் செறிவு எப்படி என்ற புதிரை இன்றும் அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு கரைந்து சுருங்கியது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்த காலம் அதற்கு ஒரு பெரிய காரணம். 2001-இல் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பின்னர் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அலையின் வேகத்தைக் குறைத்து, மணல் தங்க வழி செய்யும் முயற்சி அது. அழிந்த பிறகு கட்டியெழுப்புவது எவ்வளவு கடினம் என்பதைக் கரையிலிருந்தே பார்க்க முடிகிறது.

ஆடி

கச்சான் காற்று. மேற்கு மலையில் மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று. இங்கே புழுதியை மட்டுமே கிளப்புகிறது. அழுகண்ணித் தொட்டிகளைச் சுவர் மறைவுக்கு நகர்த்திவிட்டேன். காற்றில் பசை காய்ந்தால் செடி பட்டினி.

நெப்பந்தஸுக்குத்தான் இந்த மாதம் மிகக் கடினம். வெப்பத்தை அது தாங்கும், கடலோர ஈரப்பதத்தை விரும்பும். உலர்ந்த காற்றில் புதிய குடுவை மொட்டிலேயே கருகும். வாங்குபவர்கள் தாழ்நில வகைகளையோ கலப்பினங்களையோ கேட்டு வாங்க வேண்டும். காட்டிலிருந்து பெயர்த்தது அல்ல, நாற்றங்காலில் பெருக்கியது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். குடுவையில் இருக்கும் நீரைக் கொட்டக் கூடாது. செரிமானம் அதில்தான் நடக்கிறது. வழியில் சிந்திப் போயிருந்தால் கொஞ்சம் வடிநீர் விட்டால் போதும்.

இந்தியாவுக்கென்று ஒரே ஒரு நெப்பந்தஸ் இனம் உண்டு, நெப்பந்தஸ் காசியானா. மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் வாழ்கிறது. நிலக்கரி வெட்டலும் காடழிப்பும் அதன் இடத்தைச் சுருக்கிவிட்டன. அரியவகை உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் வைத்துக் காக்க வேண்டிய நிலை. ஆனால் தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் மிக அருகிலிருக்கும் குடுவைச் செடி மேகாலயாவில் இல்லை, கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையின் தென்மேற்கு ஈரக் காடுகளில் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா கொடியாக ஏறுகிறது. சிங்களத்தில் பந்துரா. 1753-இல் லின்னேயஸ் பெயரிட்டுப் பதிவுசெய்த நெப்பந்தஸ் அதுதான். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் ஓடிய தூத்துக்குடி–கொழும்புப் பாதை முந்நூறு கிலோமீட்டர்கூட இருக்காது. இந்தக் கடலின் ஒரு கரையில் உப்பு விளையும் வறட்சி, மறுகரையில் இலையே கிண்ணமாகி மழையை ஏந்தும் ஈரம். நடுவில் தோணிகள் போய்வந்த நீர்.

ஆவணி

முத்துக்குளித்தலைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கடலடியில் முத்துச் சிப்பிகள் திரளும் பாறைத் தளங்களைப் பார் என்பார்கள். தொலையாயிரம் பார் போன்ற பெயர்கள் இன்றும் மீனவர் நாவில் இருக்கின்றன. கடலில் சிப்பி இருக்கிறது என்பதால் மட்டும் குளிக்க இறங்கிவிட மாட்டார்கள். பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்து முதிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த ஆண்டுக்குக் குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். இல்லை என்று அறிவித்த ஆண்டுகளே மிகுதி. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சிப்பிகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை, கடல் மூடப்பட்டது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமியும் உடன் பணியாற்றியவர்களும் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள்.

கையை இழுத்துக்கொள்வதும் ஒரு தொழில்நுட்பம் என்று இந்தக் கரை அறிந்திருந்தது. சோதிப்பது, காத்திருப்பது, இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்வது. உப்பளத்து ஆச்சி அறிந்ததும் அதுவே. செடி வளர்ப்பில் எனக்குக் கடினமாக இருந்தது தண்ணீர் பிடிப்பதோ மணல் கழுவுவதோ இல்லை. இன்னும் கொஞ்சம் கொடுப்போமே என்று நீளும் கையை நிறுத்துவதுதான். ஈயைப் பிடித்து இலையில் போடலாம் என்று தோன்றும். வெளியில் வைத்த செடி தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்ளும். அன்பு என்றால் சேர்ப்பது என்றே பழகிவிட்டோம். சேராமல் காப்பதிலும் அதே அளவு அன்பு செலவாகிறது.

புரட்டாசி

இண்டிகா ஓராண்டுச் செடி. காய்த்து, உலர்ந்து, முடிந்துவிட்டது. பர்மானியும் பெரும்பாலும் அப்படித்தான். தொட்டியைச் சுற்றித் தானே விதைத்துக்கொள்ளும். விதைகளைச் சிறு காகித உறைகளில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்: மழைநீர், நல்ல வெளிச்சம், உரம் கிடையாது.

வீட்டுத் தொட்டியில் வாழ்வது அதன் வாழ்க்கையின் மிகச் சிறிய பகுதி. அதற்கு உண்மையில் வேண்டியது வெளியில் இருக்கிறது: மழைக்குப் பின் சில வாரம் கசியும் மணல் சரிவு, குளத்தின் மேட்டுக்கரை, புல்லும் மெலிந்து நிற்கும் ஈரத் தரை. நம் ஆவணங்களில் அவை தரிசு, புறம்போக்கு என்று எழுதப்பட்டிருக்கும். யாருக்கும் பயன்படாத இடம் என்று கருதி மண் கொட்டுவோம், மனை பிரிப்போம், சீமைக் கருவேலுக்கு விட்டுவிடுவோம். உரம் கலந்த வயல் நீர் அதில் வடிந்தாலும் போதும். அடர்ந்த புல் எழுந்து வெளிச்சத்தை மறைக்கும், அழுகண்ணி இடம் தெரியாமல் போகும். அதைக் கொல்ல நஞ்சு வேண்டாம், வளமே போதும்.

மண்ணை வளமாக்குவது நல்ல வேலை. அதை நம்பித்தான் சோறு தின்கிறோம். எல்லா மண்ணையும் வளமாக்கிவிட வேண்டியதில்லை. சில இடங்கள் மெலிந்தே இருக்கட்டும், சில குளங்களின் ஓரம் தெளிந்தே இருக்கட்டும். மழை தொடங்கியதும் உங்கள் ஊர்க் குளத்தின் மணற்கரையைக் குனிந்து பாருங்கள். அழுகண்ணி இருந்தால் இடத்தையும் மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள், அங்கே மண் கொட்ட வண்டி வந்தால் நின்று பேசுங்கள். தொட்டியில் வளர்த்துப் பழகியவர்களால்தான் அந்தப் பேச்சைப் பேச முடியும். ஒன்றுமில்லாத இடம் என்று மற்றவர் சொல்லும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.